மூன்று நாள் சியோல்: தெருக்கடையில் எதை, எந்த நேரத்தில் சாப்பிடுவது

நவம்பர் கடைசி வாரத்தில் நீங்களும் மனைவியும் மூன்று நாள் சியோல் போகிறீர்கள், தங்குவது மியோங்டொங் கடைவீதிப் பக்கம், தெருக்கடைச் சாப்பாடுதான் பயணத்தின் பெரிய ஆசை, மனைவி மாட்டிறைச்சியும் பன்றியும் தொடமாட்டார், கோழி, மீன், முட்டை சாப்பிடுவார், மியோங்டொங் இரவுக் கடைகளே போதுமா, வேறு எங்காவது போக வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். படிப்பு, வேலை என்று ஏழு வருடம் அந்த ஊரில் இருந்திருக்கிறேன். அதில் பாதி நாள் இரவுச் சாப்பாடு தெருவில் நின்றபடிதான். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் கேள்விக்கு நேர் பதில். மியோங்டொங் மட்டும் போதாது. ஒரு மாலை நடந்து பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் அதுதான் கொரியத் தெருச் சாப்பாடு என்று நினைத்துத் திரும்பி வந்தால் பாதிக்கு மேல் விட்டுவிட்டு வந்திருப்பீர்கள். இன்னொன்று, எல்லோரும் 'எங்கே போகலாம்' என்றே கேட்கிறார்கள். அந்த ஊரில் இடத்தைவிட நேரம்தான் பெரிது. எந்தக் கடை காலையில் நன்றாக இருக்கும், எது வெயில் தாழ்ந்த பிறகுதான் திறக்கும், எது குளிர்காலத்தில் மட்டும் வரும் என்று தெரிந்துகொண்டால் மூன்று நாளே தாராளம். நீங்கள் போகும் நேரம் அதற்குத் தோதானது. நவம்பர் கடைசி என்றால் இரவில் குளிர் பூஜ்யத்தை ஒட்டி வந்துவிடும், தெருமுனைகளில் குளிர்காலத் தள்ளுவண்டிகள் எல்லாம் இறங்கியிருக்கும். ஜூலையில் போகிறவர்களுக்கு இந்த யோகம் கிடையாது.

அந்தக் குளிர்காலப் பண்டங்களில் இருந்தே ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் இவற்றுக்கு விலாசம் கிடையாது. சுரங்கரயில் வாசல், பேருந்து நிறுத்தம், குடியிருப்பு முனை என்று எங்கே வேண்டுமானாலும் திடீரென்று ஒரு வண்டி நிற்கும். முதலில் புங்கொப்பாங். மீன் வடிவ இரும்பு அச்சில் மாவை ஊற்றி, நடுவில் இனிப்புச் சிவப்புப் பயறு விழுது வைத்து, மேலே இன்னொரு கரண்டி மாவு ஊற்றி, அச்சை மூடித் திருப்பித் திருப்பிச் சுடுவார்கள். ஜப்பானில் இருந்து வந்த பண்டம்தான், ஆனால் இன்றைக்குக் கொரியக் குளிர்காலம் என்றாலே இதன் வாசனைதான். பயறு பிடிக்காதவர்களுக்கு கஸ்டர்டு வைத்ததும் உண்டு. இந்த வண்டி வீட்டுக்குப் பக்கத்தில் இருப்பதை அங்கே ஒரு பாக்கியமாகவே பேசுவார்கள். ரயில் நிலையத்துக்கு அருகில் உள்ள வீட்டை எப்படிச் சொல்வார்களோ அதே மாதிரி, புங்கொப்பாங் வண்டிக்கு அருகில் இருக்கும் இடத்துக்கும் 'புங்செக்வொன்' என்று ஒரு சொல் உண்டாக்கிவிட்டார்கள். குளிர்காலத்தில் சட்டைப் பையில் எப்போதும் 3,000 வொன் சில்லறையாக இருக்க வேண்டும், எந்த முனையில் வண்டி கண்ணில் படும் என்று சொல்ல முடியாது என்பார்கள். அந்தப் பேச்சையே பெயராக வைத்து, வண்டிகள் எங்கே நிற்கின்றன என்று காட்டும் செயலிகூட இருக்கிறது. 1,000 வொன் என்பது நம் பணத்தில் ஏறத்தாழ 60 ரூபாய். இப்போது 2,000 வொன் கொடுத்தால் இரண்டோ மூன்றோ கிடைக்கும், ஏரியாவைப் பொறுத்து.

அடுத்தது ஹொத்தொக். இதைத் தவறவிடவே கூடாது. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் வந்து குடியேறிய சீன வியாபாரிகள் கொண்டுவந்த ரொட்டி, உள்ளே இனிப்பு வைத்துக் கொரியக்காரர்கள் தங்களுடையதாக்கிக்கொண்டார்கள். வண்டியின் பக்கத்தில் நின்று இரண்டு நிமிடம் கையைப் பாருங்கள். எண்ணெய் தடவிய உள்ளங்கையில் புளித்த மாவை ஒரு உருண்டை எடுத்து, குழி பண்ணி, ஒரு கரண்டி நாட்டுச்சர்க்கரையும் பட்டைப்பொடியும் பொடித்த வேர்க்கடலையும் போட்டு, நாம் போளிக்குப் பூரணம் வைத்து மூடுவது மாதிரியே வாயைக் கிள்ளி மூடி, கல்லில் போடுவார்கள். அடிப்பக்கம் சிவந்ததும் திருப்பிப் போட்டு, கைப்பிடி வைத்த வட்டமான இரும்புத் தகடால் ஒரே அழுத்து. உருண்டை அப்படியே தட்டையாகிவிடும், உள்ளே சர்க்கரை உருகிப் பாகாகிவிடும். காகிதக் கோப்பையில் சொருகிக் கையில் கொடுப்பார்கள். வாங்கிய உடனே கடிக்காதீர்கள். அந்தப் பாகு கொதிக்கும் வெல்லப்பாகு மாதிரி, நாக்கு வெந்துவிடும், மீதி இரண்டு நாளும் எதுவும் ருசிக்காது. ஓரத்தில் சின்னதாகப் பிய்த்து ஆவியை வெளியே விட்டு, கோப்பையை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சாப்பிடுங்கள். மனைவிக்கு எந்தத் தடையும் இல்லாத பண்டம் இது.

இதிலேயே காரமான ஒரு வகை நாம்தேமுன் சந்தையில் கிடைக்கும், யாச்சே ஹொத்தொக் என்று பெயர். உள்ளே சர்க்கரைக்குப் பதில் கண்ணாடி மாதிரி இருக்கும் சேமியாவும் காய்கறியும் வைத்து எண்ணெயில் பொரித்து, மேலே சோயா குழம்பு தடவித் தருவார்கள். ஹோஹ்யோன் சுரங்கரயில் நிலையத்தின் 5ஆம் வாசல் பக்கம் ஏறினால் வரிசையே வழிகாட்டும். மியோங்டொங்கில் இருந்து ஒரே நிறுத்தம், நடந்தேகூடப் போய்விடலாம். அதே வாசலுக்குப் பக்கத்தில் கல்குக்ஸு சந்து என்று ஒரு குறுகலான சந்து இருக்கிறது. கத்தியால் நறுக்கிய கோதுமை நூடுல்ஸை நெத்திலிக் கருவாடு போட்டுக் கொதிக்கவைத்த சாற்றில் தருவார்கள். ஒன்று கேட்டால் கூடவே சின்னக் கிண்ணத்தில் இன்னொரு வகை நூடுல்ஸும் சும்மாவே வரும், தோளோடு தோள் இடித்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிட வேண்டியதுதான். குளிரில் நடந்து களைத்த மதியத்துக்கு அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை நாம்தேமுனில் பாதிக் கடை மூடியிருக்கும், அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, பெரிய சந்தைக்கு வருவோம். குவாங்ஜாங். 1905இல் ஆரம்பித்தது, சியோலின் பழைய சந்தைகளில் முக்கியமானது. மாடியில் பட்டுத்துணி, கொரியப் பாரம்பரிய உடை, கீழே நடுக்கூடத்தில் சாப்பாட்டுக் கடைகள். மியோங்டொங்கில் சுரங்கரயிலின் 4ஆம் பாதையில் ஏறி, தோங்தேமுனில் 1ஆம் பாதைக்கு மாறி, அடுத்த நிறுத்தமான ஜோங்னோ 5-காவில் இறங்கினால் சந்தை வாசல்தான். எல்லோரும் இரவு ஏழு மணிக்குப் போய் நெரிசலில் மாட்டிக்கொண்டு, இடம் கிடைத்த கடையில் உட்கார்ந்துவிட்டு, அப்புறம் ஏமாந்துவிட்டோம் என்று புலம்புகிறார்கள். நீங்கள் காலை பத்தரை, பதினொன்றுக்குப் போங்கள், அதுவும் வார நாளில். ஞாயிறு துணிக்கடைகள் மூடியிருக்கும், சாப்பாட்டுக் கடைகள் பெரும்பாலும் திறந்திருக்கும், ஆனால் கூட்டம் தாங்காது. காலையில் எண்ணெய் புதிது, கடைக்கார அம்மாக்களுக்கும் பேச நேரம் இருக்கும். உட்காரும் பலகை பல கடைகளில் மின்சாரத்தில் சூடாக இருக்கும். வெளியே இரண்டு டிகிரி குளிரில் இருந்து வந்து அந்தச் சூடான பலகையில் உட்காரும் சுகத்தை நீங்களே போய் அனுபவியுங்கள்.

அங்கே சாப்பிட வேண்டியது பின்தேத்தொக். ஊறவைத்த பாசிப்பயறை அரைத்துச் செய்யும் அடை, அவ்வளவுதான், ஆனால் அவ்வளவு எளிதாக விட்டுவிட முடியாது. கடை முன்னாலேயே இரண்டு தட்டு இயந்திரக் கல் சுற்றிக்கொண்டே இருக்கும், மேலே பயறும் தண்ணீரும் ஊற்ற ஊற்ற ஓரத்தில் மஞ்சளாக மாவு வழிந்து வாளியில் விழும். அதில் முளைகட்டிய பயறு, வெங்காயத்தாள், கிம்ச்சி என்ற காரமான முட்டைக்கோஸ் ஊறுகாய் எல்லாம் கலந்து, பெரிய இரும்புக் கல்லில் ஒரு விரற்கடை எண்ணெய் நிற்க, கனமாக ஊற்றிப் பொரிப்பார்கள். நம் அடையைவிட இரண்டு மடங்கு கனம். வெளியே மொறுமொறுப்பு, உள்ளே மெத்து. சோயா குழம்பில் ஊறிய பச்சை வெங்காயத்தோடு சேர்த்துச் சாப்பிட வேண்டும், அந்த வெங்காயம் இல்லாமல் தனியாகச் சாப்பிட்டால் நாலாவது வாயில் எண்ணெய் திகட்டிவிடும். ஒன்று ஏறத்தாழ 5,000, 6,000 வொன் இருக்கும், இருவருக்கு ஒன்று போதும். மனைவிக்காக ஒரு விஷயம்: அதே கல்லில், அதே எண்ணெயில், கோகி வாஞ்ஜா என்று கொத்திய பன்றி இறைச்சி வடையும் பொரிப்பார்கள். சில கடைகளில் அடை மாவிலேயே பன்றி சேர்ப்பார்கள். ஆகவே கல்லைப் பார்த்துவிட்டு, கேட்டுவிட்டு உட்காருங்கள். தடை கடுமையானது என்றால் பின்தேத்தொக்கை விட்டுவிட்டுக் கிம்பாப் பக்கம் போவதுதான் நிம்மதி.

அந்தக் கிம்பாப் விரல் நீளம்தான் இருக்கும். கடல்பாசித் தாளில் சோறு, கேரட், மஞ்சள் நிற முள்ளங்கி ஊறுகாய், கீரை, அவ்வளவுதான் உள்ளே. மேலே எள்ளும் நல்லெண்ணெயும். கூடவே கடுகு கலந்த சோயா தரும் கிண்ணம்தான் விசேஷமே, மூக்கில் சுள்ளென்று ஏறும். நிறுத்தாமல் சாப்பிட வைக்கும் என்பதால் 'மயாக்' கிம்பாப் என்று பெயர் வைத்தார்கள், மயாக் என்றால் போதைப்பொருள். உணவுக்கு இப்படிப் பெயர் வேண்டாம் என்று அரசுத் தரப்பில் சொல்லி வருவதால் சில பலகைகளில் இப்போது 'கோமா' கிம்பாப் என்று இருக்கும், அதாவது குட்டிக் கிம்பாப். பொருள் அதேதான். நம் எண்ணெய்க்கும் அவர்கள் எண்ணெய்க்கும் ஒரு வித்தியாசம்: எள்ளை நன்றாக வறுத்துவிட்டு ஆட்டுவார்கள், அதனால் வாசனை இன்னும் தூக்கலாக இருக்கும்.

குவாங்ஜாங்கில் பச்சை மாட்டிறைச்சியை மெல்லிசாக நறுக்கி, பேரிக்காயும் முட்டை மஞ்சள் கருவும் போட்டுத் தரும் யூக்ஹேக்கு என்று ஒரு சந்தே இருக்கிறது, அது உங்கள் விருப்பம். உயிரோடு எடுத்து நறுக்கி, தட்டில் இன்னும் நெளிந்துகொண்டிருக்கும் ஆக்டோபஸும் கிடைக்கும். அதைச் சாப்பிட நினைத்தால் நன்றாக மென்று விழுங்குங்கள், உறிஞ்சிகள் தொண்டையில் ஒட்டிக்கொள்ளும் ஆபத்து நிஜமானது.

விலை பற்றி. 2023 கடைசியில் குவாங்ஜாங்கில் 15,000 வொன்னுக்கு வெறும் சில துண்டு பஜ்ஜி வகைகளைத் தட்டில் வைத்த காணொளி ஒன்று பரவி, ஊரே கொதித்தது. அதற்குப் பிறகு அளவை எழுதிவைக்க ஏற்பாடு செய்தார்கள். சந்தை முழுக்க ஏமாற்று என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், நூற்றுக்கணக்கான கடைகளில் பெரும்பாலானவை நேர்மையாக வியாபாரம் செய்கிறவைதான். விலைப்பலகை கண்ணில் படும்படி இருக்கும் கடையில், 'ஹனா ஜுசேயோ' என்று விரலையும் காட்டி ஒன்றே ஒன்று கேளுங்கள். கலவைத் தட்டு வாங்குங்கள் என்று சொன்னால் சிரித்துக்கொண்டே வேண்டாம் என்று சொல்லிவிடலாம். ஒரு பண்டம் மட்டுமே செய்யும் கடை எப்போதும் நல்லது. இருபது பண்டத்தின் படம் ஒட்டியிருக்கும் கடையை நான் தாண்டிப் போய்விடுவேன்.

சாப்பிட்டு முடித்துச் சந்தையின் தெற்கு வாசல் வழியாக வெளியே வந்தால் எதிரே சோங்க்யேசோன் ஓடை. மேலே நெடுஞ்சாலைப் பாலம் போட்டு மூடிக் கிடந்த ஓடையை இடித்துத் திறந்து 2005இல் மீண்டும் ஓடவிட்டார்கள். அதன் கரையோரம் மேற்கே முக்கால் மணி நேரம் நடங்கள். அடுத்த கடைக்கு வயிறு தயாராக வேறு வழி கிடையாது.

இப்போது தொக்பொக்கி. இதைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் எல்லா வண்டியிலும் சிவப்பாகக் கொதித்துக்கொண்டிருப்பது இதுதான். சுண்டுவிரல் தடிமனில் அரிசிமாவுக் குழல்களை மிளகாய் விழுதான கோச்சுஜாங்கில் கொதிக்கவைப்பது. ஒரு காலத்தில் இது சோயாவும் இறைச்சியும் போட்டு வதக்கிய அரண்மனைச் சமையல். கொரியப் போர் முடிந்த 1953 வாக்கில் சியோலின் சிந்தாங் பகுதியில் மா போக்-ரிம் என்ற அம்மாள்தான் கோச்சுஜாங் போட்டுத் தெருவில் விற்க ஆரம்பித்தார் என்பது அங்கே எல்லோரும் சொல்லும் வரலாறு. சீனக் கடையில் கருப்பு அவரை விழுதுக்குள் தவறி விழுந்த அரிசிக் குழலை எடுத்துச் சாப்பிட்டபோது அவருக்கு யோசனை வந்ததாம். அவர் 2011இல் காலமானார், ஆனால் அந்தத் தெரு இன்றும் தொக்பொக்கித் தெருதான். போருக்குப் பிறகு அமெரிக்க உதவியாகக் கோதுமை மாவு வந்து குவிந்தது. அரிசித் தட்டுப்பாடு. 1960களிலும் 70களிலும் அரிசியைக் குறைத்துக் கோதுமையும் கலப்புத் தானியமும் சாப்பிடச் சொல்லி அரசே இயக்கம் நடத்தியது. அப்படித்தான் கோதுமைக் குழல் தொக்பொக்கி, நூடுல்ஸ், ரொட்டி வகைகள் எல்லாம் தெருவை ஆக்கிரமித்தன. இந்தச் சின்னக் கடைகளுக்கு இன்றும் 'புன்ஷிக்' கடை என்றே பெயர், அதற்கு அர்த்தமே மாவுச் சாப்பாடு என்பதுதான். பள்ளிப் பிள்ளைகள் மாலையில் போய் நிற்கும் கடை அது. இன்றும் குழல் இரண்டு வகை, அரிசியில் செய்ததுக்கு 'ஸ்ஸால்', கோதுமையில் செய்ததுக்கு 'மில்'. அரிசிக் குழல் பிசுக்கென்று பல்லில் ஒட்டும், கோதுமைக் குழல் மிருதுவாகச் சாற்றை உறிஞ்சியிருக்கும். எனக்குக் கோதுமைதான் பிடிக்கும்.

நம் நாக்குக்குத் தொக்பொக்கியின் காரம் ஒரு பொருட்டே இல்லை, இனிப்புதான் முதலில் தெரியும். முதல் தடவை பலருக்கும் அது ஏமாற்றமாக இருக்கும். ஒன்று செய்யுங்கள்: தனியாகச் சாப்பிடாமல் துவிகிம் என்ற பஜ்ஜி வகைகளை வாங்கி அந்தச் சிவப்புக் குழம்பில் தோய்த்துச் சாப்பிடுங்கள். சர்க்கரைவள்ளி, கணவாய், கண்ணாடிச் சேமியாவைக் கடல்பாசியில் சுற்றிப் பொரித்த கிம்மாரி, எல்லாம் இருக்கும். கிம்மாரியைக் குழம்பில் முக்கி எடுத்தால் அந்த இனிப்பு, உப்பு, மொறுமொறுப்பு எல்லாம் சரியாகச் சேரும். அப்போதுதான் அந்த ஊர்க்காரர்கள் ஏன் இதற்காக உயிரை விடுகிறார்கள் என்று புரியும். பக்கத்திலேயே கருப்பாகச் சுருண்டு ஆவி பறந்துகொண்டிருப்பது சுந்தே. பன்றிக்குடலில் ரத்தமும் சேமியாவும் அடைத்தது, மனைவிக்கு ஆகாது. ஒரே கத்தியால் எல்லாவற்றையும் நறுக்குவார்கள் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சிந்தாங்கில் கதை வேறு. அங்கே உட்கார்ந்து, மேசையிலேயே அடுப்பு வைத்து, பெரிய தட்டையான சட்டியில் குழல், மீன் கேக், முட்டைக்கோஸ், ராம்யோன் நூடுல்ஸ், அவித்த முட்டை எல்லாம் போட்டு நீங்களே கொதிக்கவிட்டுச் சாப்பிட வேண்டும். கோச்சுஜாங்கோடு கருப்பு அவரை விழுதும் கலப்பதால் இனிப்பு கொஞ்சம் அடங்கி ஆழமாக இருக்கும். கடைசியில் மிச்சக் குழம்பில் சோறு போட்டு வறுத்துத் தருவார்கள், அதற்கு வயிற்றில் இடம் வைத்துக்கொள்ளுங்கள். 4ஆம் பாதையில் தோங்தேமுன் வரலாறு பண்பாட்டுப் பூங்கா நிலையம் வரை போய், 2ஆம் பாதைக்கு மாறி ஒரே நிறுத்தம். இரண்டாம் நாள் இரவுக்கு வைத்துக்கொள்ளலாம்.

தொக்பொக்கி வண்டியிலேயே இன்னொரு பாத்திரத்தில் குச்சி குச்சியாக நிற்பது ஓமுக், மீன் கேக். வயதானவர்கள் ஒதெங் என்பார்கள். அரைத்த மீனும் மாவும் கலந்து தட்டிப் பொரித்து, மடித்து மடித்து நீளக் குச்சியில் கோர்த்து, முள்ளங்கியும் கடற்பாசியும் நெத்திலியும் போட்ட சாற்றில் ஊறவிடுவார்கள். யாரையும் கேட்க வேண்டாம், நீங்களே ஒரு குச்சியை எடுத்துச் சாப்பிடலாம், கடைசியில் வெறும் குச்சிகளை எண்ணிக் காசு வாங்குவார்கள். குச்சி 1,000, 1,500 வொன் இருக்கும். சாறு இலவசம். காகிதக் கோப்பையை எடுத்து நீங்களே முகந்துகொள்ளலாம். குளிர் எலும்புக்குள் இறங்கும் இரவில் அந்தக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, பக்கத்தில் அலுவலகம் முடிந்து வந்து நிற்கிற முன்பின் தெரியாத ஆளோடு சேர்ந்து ஊதி ஊதிக் குடிப்பதுதான் எனக்குச் சியோல். அங்கே போய் முதல் குளிர்காலத்தில், பாஷையும் தெரியாமல், யாரையும் தெரியாமல் இருந்த நாட்களில், எங்கள் ஆய்வகத்துக்குக் கீழே இருந்த வண்டிக்கார அம்மா நான் ஒரு குச்சிதான் வாங்குவேன் என்று தெரிந்தும் மூன்று கோப்பை சாறு ஊற்றிக் கொடுப்பார். கடைக்கார அம்மாக்களை அங்கே 'இமோ' என்று கூப்பிடுவார்கள், அம்மாவின் சகோதரி என்று அர்த்தம், நம் சித்தி, பெரியம்மா மாதிரி. அம்மாவை ஓம்மா, அப்பாவை அப்பா என்றே சொல்கிற ஊர் என்பதால் 'இமோ' என்று வாயில் வருவதற்கு நமக்குக் கூச்சமே இருக்காது. கூப்பிட்டுப் பாருங்கள், முகம் மலர்ந்துவிடும்.

மியோங்டொங்குக்கு வருகிறேன். மாலை நாலு, ஐந்து மணிக்குத் தள்ளுவண்டிகள் வரிசையாக வந்து நிற்கும். சீஸ் போட்டுச் சுட்ட லாப்ஸ்டர், சுருள் உருளைக்கிழங்கு, ஸ்ட்ராபெரி வைத்த அரிசி உருண்டை, கோழிக் குச்சி, எல்லாம் கண்ணைப் பறிக்கும். இவற்றில் பல சுற்றுலா வருகிறவர்களுக்காகவே வந்தவை, வேறு தெருவைவிட ஒன்றரை, இரண்டு மடங்கு விலை. அங்கே நான் வாங்கச் சொல்வது கெரான்பாங் ஒன்றுதான். நீள்வட்டக் குழியில் இனிப்பு மாவை ஊற்றி, மேலே ஒரு முழு முட்டையை உடைத்து வேகவைத்த ரொட்டி. இனிப்பும் உப்பும் சேர்ந்தது, கையைச் சூடாக்கிக்கொள்ளவும் ஆகும். சிலர் மேலே ஹாம் தூவுவார்கள், பார்த்து வாங்குங்கள். வந்து இறங்கும் முதல் மாலைக்கு இது போதும், நடந்து பார்த்துவிட்டு அறைக்குப் போய்த் தூங்குங்கள்.

மூன்றாம் நாள் கியோங்போக்குங் அரண்மனை பார்க்கப் போவீர்கள் என்று நினைக்கிறேன், செவ்வாய்க்கிழமை அரண்மனை விடுமுறை. அங்கிருந்து மேற்கே நடந்தால் தோங்இன் சந்தை. சின்னச் சந்தைதான், அக்கம்பக்கத்து ஆட்கள் காய்கறி வாங்குகிற இடம். பணம் கட்டினால் பழைய காலத்து ஓட்டைக் காசு மாதிரிச் செய்த பித்தளைக் காசுகளும் ஒரு காலித் தட்டும் தருவார்கள். கடை கடையாகப் போய் ஒரு காசுக்கு இது, இரண்டு காசுக்கு அது என்று தட்டை நிரப்பிக்கொண்டு மாடியில் உட்கார்ந்து சாப்பிடலாம். கொஞ்சம் கொஞ்சமாகப் பத்து வகை ருசிபார்க்க இதைவிடத் தோது கிடையாது, மனைவியும் தனக்கு ஆகாததை விட்டுவிடலாம். மதிய நேரத்தில் மட்டும்தான், வாரத்தில் எல்லா நாளும் இல்லை, கிளம்பும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். அங்கே எண்ணெய்த் தொக்பொக்கி என்று ஒன்று இருக்கிறது. குழம்பே இல்லாமல், மிளகாய்ப்பொடி புரட்டிய குழல்களைக் கல்லில் எண்ணெய் விட்டு வறுத்துத் தருவார்கள். இனிப்புத் தொக்பொக்கி பிடிக்காத தமிழ் நண்பர்கள் அத்தனை பேரையும் நான் அங்கேதான் கூட்டிப்போவேன், ஒருவர்கூட முகம் சுளித்ததில்லை.

இரவு ஜோங்னோ 3-கா பக்கம் பொஜாங்மாச்சா, அதாவது ஆரஞ்சு நிறக் கூடாரக் கடைகள். இது சாப்பாட்டுக் கடை என்பதைவிடக் குடிக்கிற கடை. சோஜு என்ற கொரியச் சாராயம் வாங்கிக்கொண்டு தொட்டுக்கொள்ள ஒரு பெரிய தட்டு சொல்ல வேண்டும், ஒரு தட்டே 15,000, 20,000 வொன் வந்துவிடும். குடிக்கும் பழக்கம் இல்லையென்றால் வெளியே நின்று பார்த்துவிட்டு வந்துவிடலாம், ஒன்றும் குறைந்துவிடாது.

தெற்கே துறைமுக நகரமான புசான் போகலாமா என்றும் போகிற போக்கில் கேட்டிருந்தீர்கள். விரைவு ரயிலிலேயே பெரும்பாலும் இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். மூன்று நாளில் வேண்டாம். ஐந்து நாள் கிடைத்தால் கண்டிப்பாகப் போங்கள், ஓமுக்குக்கு அதுதான் தாய்வீடு, விதைகள் அடைத்த ஹொத்தொக்கும் அங்கேதான்.

மனைவியின் விஷயத்தை இன்னொரு தடவை சொல்லிவிடுகிறேன். மந்து என்ற கொழுக்கட்டையில் பெரும்பாலும் பன்றி இருக்கும், கிம்ச்சி மந்து என்று எழுதியிருந்தாலும் இருக்கும். குச்சியில் மாவு சுற்றிப் பொரித்த ஹாட் டாக்கில் தொத்திறைச்சிக்குப் பதில் சீஸ் மட்டும் வைத்தது கேட்டால் கிடைக்கும். 'சோகோகி, த்வேஜிகோகி அன் மொகொயோ' என்றால் மாடும் பன்றியும் சாப்பிடமாட்டேன் என்று அர்த்தம். இதைக் கொரிய எழுத்தில் கைப்பேசியில் வைத்துக்கொண்டு காட்டுவது இன்னும் நல்லது. உங்களோடு முழுச் சைவம் யாராவது வந்தால் நிலைமை கஷ்டம்தான். கிம்ச்சியிலேயே இறால், மீன் சேர்ந்திருக்கும், சாறு எல்லாமே நெத்திலி. அவர்களுக்கு ஹொத்தொக், சுட்ட சர்க்கரைவள்ளி, வறுத்த கஷ்கொட்டை இவைதான் தெருவில் நிச்சயமானவை. புங்கொப்பாங் மாவில் பாலும் முட்டையும் இருக்கலாம்.

கையில் ரொக்கம் வைத்துக்கொள்ளுங்கள், 1,000, 5,000 நோட்டுகளாக. ஊரே அட்டையில் ஓடினாலும் தள்ளுவண்டியில் வங்கிக் கணக்கு எண்ணை எழுதித் தொங்கவிட்டிருப்பார்கள், அது உள்ளூர்க்காரர்களுக்குத்தான் ஆகும். ரயிலுக்கும் பேருந்துக்கும் ஆகும் டி-மணி அட்டையில் பணம் ஏற்றவும் பெரும்பாலும் ரொக்கம் வேண்டும். வழிக்கு நேவர் மேப் என்ற கொரிய வரைபடச் செயலியைப் போட்டுக்கொள்ளுங்கள், கூகுள் அங்கே நடைவழி சரியாகக் காட்டாது. தெருவில் குப்பைத்தொட்டி அரிது, குச்சியையும் கோப்பையையும் வாங்கிய வண்டியிலேயே திருப்பிக் கொடுத்துவிடலாம், அதுதான் வழக்கமும்கூட. கையில் திறந்த சாப்பாடோ கோப்பையோ வைத்துக்கொண்டு நகரப் பேருந்தில் ஏற முடியாது, 2018இல் இருந்து ஓட்டுநர் ஏற்றமாட்டார். டிப்ஸ் கிடையாது, கொடுத்தால் குழம்பிப்போவார்கள்.

கிளம்பும் நாள் காலையில் அறையில் காப்பி குடித்துவிட்டுப் போய்விடாதீர்கள். அலுவலகம் போகிறவர்களுக்காகக் காலையில் டோஸ்ட் வண்டிகள் நிற்கும். கல்லில் மார்கரின் உருக்கி ரொட்டியைச் சிவக்க வாட்டி, பக்கத்தில் முட்டையில் நறுக்கிய முட்டைக்கோஸும் கேரட்டும் கலந்து ரொட்டி அளவுக்குச் சதுரமாக ஊற்றி, வெந்ததும் மேலே ஒரு கரண்டி சர்க்கரையைத் தூவி, கெச்சப் விட்டு மடித்துத் தருவார்கள். முட்டை மேல் சர்க்கரையா என்று யோசிக்காமல் ஒரு வாய் சாப்பிடுங்கள். 'ஹேம் ப்பே ஜுசேயோ' என்றால் ஹாம் வைக்காமல் தருவார்கள். சாப்பிட்டு முடித்துவிட்டு 4ஆம் பாதையில் இரண்டு நிறுத்தம் போனால் சியோல் நிலையம், அங்கிருந்து விமான நிலைய விரைவு ரயில் 43 நிமிடத்தில் இஞ்சோனில் விட்டுவிடும்.